மரக்கன்று சடங்குப் பொருளன்று

இன்னும் சில வாரங்களில் ஜூன் 5 வந்துவிடும். பாறசாலை, காரோடு, செங்கல், குளத்தூர், கொல்லயில், குன்னத்துகால் என நெய்யாற்றின்கரை வட்டத்தின் எல்லையோர ஊராட்சிகளெங்கும் மேடை போடப்படும்; மரக்கன்றுகள் வந்திறங்கும்; தலைவர்கள் குழியருகே குனிந்து நிற்பார்கள்; படம் எடுக்கப்படும். மறுநாள் முதல் அந்தக் கன்றுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பாரில்லை.

இந்தக் காட்சியைக் கண்டு சலித்த தோழர்கள் சிலர், "கன்று கொடுப்பது வனத்துறையின் வேலை, அதில் வர்க்கப் போராட்டம் எங்கே இருக்கிறது?" என்று கேட்கின்றனர். சந்தைவாதிகளோ, "மலிவாகக் கொடுத்தால் மதிப்பிருக்காது, தேவையுள்ளவர் தனியார் நர்சரியில் வாங்கிக்கொள்ளட்டும்" என்கின்றனர். ஒன்றிய ஆட்சியாளர்கள் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்துள்ளனர்: தாயின் பெயரால் ஒரு கன்றை நடு, படம் எடுத்து இணையத்தில் ஏற்று, கடமை முடிந்தது. இந்த மூவரும் ஒரே இடத்தில் தவறுகின்றனர். உழைப்பாளியின் வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு காய்க்கும் மரம், அவருடைய கூலிக்கும் உணவுக்கும் நில உரிமைக்கும் உடன்பிறந்த விஷயம் என்பதை மூவரும் காண மறுக்கின்றனர்.

மரம் யாருடையது?

முதலில் நம் தோழர்களுக்கு. மரம் வர்க்கப் பிரச்சினையன்று எனத் திருவிதாங்கூர் மண்ணில் நின்றுகொண்டு சொல்வது காலடியிலுள்ள வரலாற்றை மறப்பதாகும். தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை இங்கே 'இராச மரங்கள்'. எவருடைய நிலத்தில் முளைத்தாலும் அவை அரசுக்கே உரியவை. தோட்ட நிலத்துக்கு வரி விதிக்க வந்த அதிகாரி, மண்ணை அளந்ததோடு நில்லாமல் தென்னை, கமுகு, பலா என்று மரங்களையும் எண்ணினார்.

காய்க்கும் மரங்கள் வைப்பதற்காகக் குடியானவரிடம் நிலத்தை விடும் ஏற்பாட்டுக்குக் 'குழிக்காணம்' என்று பெயர். குழி தோண்டியவரும் நீர் வார்த்தவரும் குடியானவர். மரம் காய்த்ததும் பங்கு கேட்டு வந்தவர் ஜென்மி. வெளியேற்றப்படும் குடியானவருக்கு அவர் வைத்த மரங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பதற்கே மலபாரில் 1887இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

குடிகிடப்புக்காரரின் நிலை இதனினும் கீழ். குடிசையைச் சுற்றி நின்ற தென்னையிலிருந்து ஒரு தேங்காய் எடுத்தாலும் அது திருட்டு. 1970 ஜனவரி 1 அன்று நிலச்சீர்திருத்தத் திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பு மனை மீதான உரிமை ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5 சென்ட், மாநகரிலும் பெரிய நகராட்சியிலும் 3 சென்ட் என வரையறுக்கப்பட்டது. அந்த உரிமை ஏட்டோடு நின்றுவிடாதிருக்க, இடதுசாரி இயக்கத்தின் அறைகூவலை ஏற்றுக் குடிகிடப்புக்காரர்கள் தம் 10 சென்டை வேலி கட்டி வளைத்தனர். வேலிக்குள் நின்ற தென்னைகளில் ஏறித் தேங்காய் பறித்தனர். தடியடியும் சிறையும் அவர்களுக்குக் கிடைத்த பதில். மரத்தின் மீது கை வைத்த அந்தச் செயல்தான் நிலத்தின் மீதான உரிமையை ஊரறியச் செய்தது. அந்தப் பத்து சென்டில் இன்று எந்த மரம் நிற்க வேண்டும், அதன் கன்று யாரிடமிருந்து என்ன விலைக்கு வர வேண்டும் என்ற கேள்வி, அதே போராட்டத்தின் தொடர்ச்சியாகும்.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் 'அம்மச்சிப் பிலாவு' பாதுகாக்கப்படுகிறது. பகைவருக்குத் தப்பியோடிய மார்த்தாண்ட வர்மாவைத் தன் பொந்தில் மறைத்துக் காத்த பலாமரம் என்பது ஐதிகம். ஓர் அரசனைக் காத்த பலாவுக்கு நினைவுச்சின்னத் தகுதி கிடைத்தது. பஞ்ச காலத்தில் எண்ணற்ற குடிசைகளின் வயிற்றைக் காத்த பலாக்களுக்குப் பெயருமில்லை, நினைவுமில்லை. 2018 மார்ச்சில் பலாப்பழம் கேரளத்தின் மாநிலப் பழமாக அறிவிக்கப்பட்டது. எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டுக்கும் அதுவே மாநிலப் பழம். இரு மாநிலங்களும் சூட்டிய இந்த மகுடத்தால், நான்கு சென்டில் வாழும் கூலித் தொழிலாளிக்கு ஒரு நல்ல ஒட்டுப் பலாக் கன்று எளிதில் கிடைத்துவிடுகிறதா?

கன்றுக்கும் வர்க்கம் உண்டு

கன்று இலவசம் என்பதாலேயே அது ஏழைக்குப் போய்ச் சேர்ந்துவிடாது. தேசிய விவசாய ஆணையம் 1976இல் சமூக வனவியலைப் பரிந்துரைத்தது. எண்பதுகளில் உலக வங்கியின் கடனோடு அத்திட்டம் பல மாநிலங்களில் பரவியது. ஏழைகளுக்கு விறகும் தீவனமும் என்பது அறிவிப்பு. நிலத்தில் முளைத்தவை கேரளத்தில் அக்கேசியா, கர்நாடகத்தின் கோலாரில் தைலமரம். ஆலைக்கு மரக்கூழ் தரும் கன்றுகளைப் பெருநிலக்காரர்கள் ஏக்கர் கணக்கில் நட்டனர். அந்த நிலத்தில் கேழ்வரகு அறுத்த தொழிலாளி வேலையிழந்தார்.

மக்கள் அதை வாய் மூடிப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அன்றைய தார்வாட் மாவட்டத்துக் குஸ்னூரில் 1987 நவம்பர் 14 அன்று, ஊர்ப் பொது நிலத்தில் ரேயான் ஆலைக்காக நடப்பட்டிருந்த தைலமரக் கன்றுகளைக் கிராம மக்கள் பிடுங்கி எறிந்தனர்; அதே இடத்தில் தமக்குப் பயன்படும் மரங்களின் கன்றுகளை நட்டனர். 'பிடுங்கு, நடு' என்பதே அந்தச் சத்தியாகிரகத்தின் பெயர். எத்தனை கன்று என்று அவர்கள் கேட்கவில்லை. எந்தக் கன்று, யாருக்காக என்று கேட்டனர். ஜூன் 5 மேடைகளில் நாம் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

நம் பகுதியின் மலைச்சரிவுகளைப் பாருங்கள். ரப்பருக்கு 1947இல் சட்டம் வந்தது; கோட்டயத்தில் வாரியம் உண்டு; ஆராய்ச்சி நிலையம் உண்டு; நடவுக்கு மானியம் வழங்கிய வரலாறு உண்டு. டயர் ஆலைக்குப் பால் கொடுக்கும் மரம் என்பதால் கிடைத்த கவனிப்பு இது. சிறு ரப்பர் விவசாயி அந்த ஆதரவைப் பெற்றதை நாம் குறை கூறவில்லை. தாராள இறக்குமதி அவரை வீழ்த்தியபோது அவரோடு தெருவில் நின்றவர்கள் நாம். ஆனால் ஆலைக்கு வேண்டிய மரத்துக்கு அரசு நிறுவனமே அமைக்க முடிகிறதென்றால், வீட்டுக்குச் சோறிடும் பலாவுக்கும் முருங்கைக்கும் புளிக்கும் ஆண்டுக்கு ஒரு நாள் விழா மட்டும் போதும் என்பது என்ன நியாயம்?

தாயின் பெயரால்

2024 ஜூன் 5 அன்று பிரதமர் தில்லியில் ஓர் அரசங்கன்றை நட்டு, 'தாயின் பெயரில் ஒரு மரம்' இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். 2025 மார்ச்சுக்குள் 140 கோடிக் கன்றுகள் என்பது இலக்கு. இதற்கு முந்தைய ஆண்டில்தான், எல்லையோரம் 100 கிலோமீட்டருக்குள் அமையும் பாதுகாப்பு சார்ந்த திட்டங்கள் உள்ளிட்ட பலவற்றுக்கு விலக்களித்து வனப் பாதுகாப்புச் சட்டத்தை இதே அரசு திருத்தியது. கிரேட் நிக்கோபார் தீவில் சுமார் 130 சதுர கிலோமீட்டர் மழைக்காட்டை அழிக்க அனுமதி வழங்கியது. அதற்கு ஈடாக அரியானாவில் மரம் வளர்ப்பார்களாம்! 2023 அக்டோபரில் வந்த பசுமைக் கடன் விதிகளோ, கன்று நடுவதையே கம்பெனிகள் கணக்கில் வரவு வைக்கத்தக்க சரக்காக்கின.

காட்டை விற்பவர் கன்று வழங்குகிறார். காட்டை இழந்த பழியை, மரம் நடாத குடிமகனின் தலையில் ஏற்றும் தந்திரம் இது. தாய்க்கு மரியாதை என்கிறார்கள். நாற்றங்காலில் வெயிலில் குந்தி மண் நிரப்பும் தாய்மாரின் கூலியில் கை வைக்கிறார்கள். ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் உடலுழைப்புக் கூலி முழுவதையும் ஒன்றிய அரசே ஏற்க வேண்டியிருந்தது. நாற்றங்கால் வளர்ப்பதும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், நிலச்சீர்திருத்தப் பயனாளிகள், சிறு குறு விவசாயிகள் ஆகியோரின் சொந்த நிலத்தில் பழமரம் நட்டுத் தருவதும் அச்சட்டம் அனுமதித்த வேலைகள். 2025 டிசம்பரில் அச்சட்டத்தையே நீக்கிவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தனர். பெரும்பாலான மாநிலங்கள் இனிச் செலவில் 40 விழுக்காட்டைச் சுமக்க வேண்டும். மாநிலத்தின் கஜானா இறுகும்போது முதலில் வெட்டுப்படுவது இத்தகைய 'சிறு' வேலைகளே.

சந்தையால் முடியாதது

இனிச் சந்தைவாதிகளுக்கு. மற்றப் பண்டங்களுக்கும் மரக்கன்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அரிசி கெட்டதென்றால் உலை கொதிக்கும்போதே தெரியும். கன்று கெட்டதென்றால் தெரிய ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று என்று சொல்லி விதைக்கன்றைத் தலையில் கட்டினாலும், சொன்ன ரகம் ஒன்றாகவும் காய்ப்பது வேறாகவும் இருந்தாலும், கடைக்காரரைத் தேடிப் பிடிப்பது எங்கே? பத்து ஏக்கர் தோட்டக்காரர் அந்த நட்டத்தைத் தாங்குவார். முற்றத்தில் ஒரே ஒரு மரத்துக்கு இடமுள்ளவருக்கு, ஒரு தவறான கன்று பல ஆண்டு இழப்பு. அதற்கு நூற்றுக்கணக்கான ரூபாய், அதாவது ஒரு நாள் கூலியின் பெரும் பகுதி, விலையாகவும் கொடுத்திருப்பார். ஆகவே தாய்மரம் இன்னதெனத் தெரிந்த, பொறுப்பேற்கும், பொதுத்துறை நாற்றங்கால் ஏழைக்கே அதிகம் தேவை.

"மலிவானதை மதிக்க மாட்டார்கள்" என்பது மேட்டுக்குடியினரின் பழைய பல்லவி. ரேஷன் அரிசியை எவரும் தெருவில் கொட்டவில்லை. கன்றுகள் பட்டுப்போவதற்கான காரணங்கள் வேறு: கேட்ட மரம் தரப்படுவதில்லை, மூன்று சென்ட் வீட்டுக்கு மகாகனியைக் கொடுத்தால் அதை எங்கே வைப்பது? தென்மேற்கு மழையில் நட்ட கன்று, வடகிழக்கு மழையையும் கண்டுவிட்டு, ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறட்சியில் கருகுகிறது. அப்போது வந்து பார்க்க ஆளில்லை. கென்யாவில் 1977இல் வங்காரி மாத்தாய் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில், உயிர் பிடித்த ஒவ்வொரு கன்றுக்கும் அதை வளர்த்த பெண்களுக்குச் சிறு தொகை கொடுக்கப்பட்டது. நட்ட எண்ணிக்கையைவிடப் பிழைத்த எண்ணிக்கைக்கு மதிப்பளித்த முறை அது.

நம் மாநிலத்தில் நல்ல முயற்சிகள் இல்லாமலில்லை. பள்ளிப் பிள்ளைகள் கையில் கன்று கொடுத்த 'என்றெ மரம்' திட்டம் 2007இல் வந்தது. கொரோனா முடக்கத்தின்போது, 2020இல், சுபிக்ஷ கேரளத்தின் பகுதியாக ஒரு கோடிப் பழமரக் கன்றுகளைக் கிருஷி பவன்கள் வழியே இலவசமாகவும் மானிய விலையிலும் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. உணவுத் தட்டுப்பாட்டின் அச்சம் சூழ்ந்த நாளில், வீட்டுப் பழமரம் உணவுப் பாதுகாப்பே என்பதை அரசு உணர்ந்தது சரியான பார்வை. அந்தப் பார்வை ஒரு நெருக்கடியோடு முடிந்துவிடாமல் நிலையான உரிமையாக மாற வேண்டும். ஆட்சியில் யார் இருந்தாலும் இதை நாம் வலியுறுத்த வேண்டும்.

எல்லைத் தமிழருக்கு இன்னொரு தடையும் உண்டு. 1956இல் விளவங்கோடு தமிழகத்துக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்குமாகப் பிரிந்தன. மண்ணும் மரமும் பிரியவில்லை. மரக்கன்றைத் 'தை' என்று சொல்லும் வழக்கு இருபுறமும் உண்டு. ஆயினும் விண்ணப்பப் படிவமும் ரக விவரமும் பராமரிப்புக் குறிப்பும் மலையாளத்தில் மட்டும் இருந்தால், தமிழ் மட்டும் படித்த மூத்த தலைமுறை இடைத்தரகரைத் தேடிப் போகும். தமிழ், கன்னடச் சிறுபான்மையினரின் மொழியுரிமையை 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமே ஏற்றுள்ளது. இரண்டு பக்கத் துண்டறிக்கையைத் தமிழில் அச்சிடுவது எந்த அரசுக்கும் இயலாத காரியமன்று.

நாம் கேட்க வேண்டியவை

ஒன்று: ஒவ்வோர் ஊராட்சியிலும் நிரந்தரப் பொது நாற்றங்கால் வேண்டும். அதில் குடும்பஸ்ரீ, வேலை உறுதித் திட்டப் பெண்களுக்குத் தாமதமின்றிக் கூலியுடன் ஆண்டு முழுவதும் வேலை தர வேண்டும்.

இரண்டு: ஜூனில் கன்று தர வேண்டுமானால் முந்தைய கிராம சபையிலேயே வீடுவாரியாகத் தேவைப் பட்டியல் எடுக்க வேண்டும். பலாவா, மாவா, முருங்கையா, கறிவேப்பிலையா என்பதை வீட்டார் தீர்மானிக்கட்டும். இடம் குறைந்த வீட்டுக்குக் குட்டை ஒட்டுரகம் தரப்பட வேண்டும். கேட்போருக்குப் பனங்கன்றும் கிடைக்க வேண்டும். பனையேறிப் பிழைத்த மக்களின் மண் இது. தமிழ்நாடு 2021இல் பனை விதைகளையும் கன்றுகளையும் வழங்கத் திட்டமிட்டதோடு, மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டலாகாதென்றும் அறிவித்தது. எல்லைக்கு இப்பால் பனை நாதியற்று நிற்கலாமா?

மூன்று: நிலமற்றோர், குடிகிடப்புக்காரரின் வாரிசுகள், லட்சம் வீடு காலனிவாசிகள் ஆகியோருக்குக் கன்று இலவசம், ஏனையோருக்கு அடக்க விலைக்கும் குறைவு. பெருந்தோட்டக்காரருக்கு இந்த மானியம் கூடாது. முற்றமே இல்லாதோருக்கு ஊராட்சியின் புறம்போக்கில் மரமும் அதன் பலன் மீதான எழுத்துப்பூர்வ உரிமையும் வேண்டும்.

நான்கு: அடுத்த ஏப்ரலில் பிழைத்த கன்றுகளை எண்ணி, அந்தக் கணக்கைக் கிராம சபையில் வைக்க வேண்டும். பட்ட கன்றுக்கு மாற்றுக் கன்று தர வேண்டும்.

ஐந்து: படிவமும் குறிப்பும் தமிழிலும் வேண்டும்.

இவற்றில் எதுவும் புரட்சி அன்று; எல்லாம் நடைமுறைக்குரியவை. ஆனால் பத்து சென்டுக்காக வேலி கட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த வேலிக்குள் என்ன வளர்க்கின்றனர் என்று விசாரிக்காத இயக்கம், அவர்களின் வாழ்விலிருந்து விலகத் தொடங்கிவிடும். ஜூன் 5 மேடையில் நமக்கு இருக்கை தேவையில்லை. கிளைத் தோழர்கள் இந்த மே மாதமே வீடு வீடாகச் செல்லட்டும். சென்ற ஆண்டு பெற்ற கன்றுகளில் எத்தனை பிழைத்தன, இந்த ஆண்டு எந்தக் கன்று வேண்டும் என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போவோம்.