நிற்கத் தெரியவேண்டும்!

காருக்கு ஓடத் தெரிந்தால் மட்டும் போதாது. நிற்கவும் தெரியவேண்டும்.

கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு காரில் போகிறோம். வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஏறும்போது என்ஜினுக்கு வேலை. இறங்கும்போது பிரேக்குக்கு வேலை. அப்போது பிரேக் கைவிட்டால் என்ன ஆகும்?

தேய்ந்த பிரேக் பெரும்பாலும் முன்கூட்டியே எச்சரிக்கை செய்கிறது. நாம்தான் கவனிப்பதில்லை.

சைக்கிளில் பிரேக் கட்டை இருக்கிறது அல்லவா? அது சக்கரத்தைப் பிடித்து நிறுத்துகிறது. காரிலும் ஏறக்குறைய அப்படித்தான். முன்சக்கரத்தோடு ஓர் இரும்புத் தட்டு சுழல்கிறது. அதன் பெயர் டிஸ்க். நாம் பிரேக்கை மிதித்தால், இரண்டு பக்கமும் உள்ள கட்டைகள் அதை இறுக்கிப் பிடிக்கின்றன. இந்தக் கட்டைதான் 'பிரேக் பேட்'.

பிடிக்கப் பிடிக்கக் கட்டை தேயும். புதிதாக இருக்கும்போது அதன் கனம் சுமார் 10 மில்லி மீட்டர். 3 மில்லி மீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடவேண்டும்.

தேய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிரேக்கை மிதிக்கும்போது 'கிரீச்' என்று சத்தம் வரும். பல கார்களில் இதற்கென்றே ஒரு சிறு தகடு வைத்திருக்கிறார்கள். கட்டை தேய்ந்ததும் அந்தத் தகடு டிஸ்கில் உரசிச் சத்தம் போடும். மழையில் நனைந்த காரிலும் முதலில் சிறிது சத்தம் வரலாம். அது நின்றுவிடும். நிற்காவிட்டால் உஷார்!

'கரகர' என்று அரைக்கும் சத்தம் கேட்டால் ஆபத்து முற்றிவிட்டது. கட்டை தீர்ந்து, இரும்போடு இரும்பு உரசுகிறது. இனி டிஸ்கும் கெட்டுவிடும். செலவும் கூடும்.

வேறு அடையாளங்களும் உண்டு. கார் முன்னைவிடத் தள்ளிப்போய் நிற்கும். பிரேக் போட்டால் ஒரு பக்கமாக இழுக்கும். பிரேக் ஆயில் மட்டம் இறங்கும். பிரேக் விளக்கு சிவப்பாக எரியும். இவற்றில் எது தெரிந்தாலும் மெக்கானிக்கிடம் காட்டவேண்டும்.

ஒரு சக்கரத்துக்கு மட்டும் கட்டையை மாற்றக்கூடாது. அதற்கு நேர் எதிர்ச் சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றவேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் ஒரே அளவில் பிடிக்காது.

நல்ல பிரேக்காக இருந்தாலும், மலை இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வரக்கூடாது. சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும்.

"என்னப்பா சத்தம்?" என்று பின்னால் இருந்து குழந்தை கேட்டால் அதட்டாதீர்கள். பாட்டின் ஒலியைக் கூட்டாதீர்கள். காரைப் பட்டறைக்குத் திருப்புங்கள்!