கண்ணுக்குத் தெரியாத எழுத்து

சுண்டிக்குழியிற் பிறந்து மலாயா சென்ற ஆர். முத்தையா தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்தபோது, 247 எழுத்துக்களையும் சில பத்து விசைகளுக்குள் அடக்குவது எங்ஙனம் என்பதே அவர்முன் நின்ற வினா. கொம்புக்கு ஒரு விசை, மெய்க்கு ஒன்று, அரவுக்கு ஒன்று என அடிக்க, தாளில் ஓரெழுத்து உருவாயிற்று. தாளில் விழுந்ததே எழுத்து. அதற்கப்பால் மறைவாக எதுவுமில்லை.

கணினியின் இயல்பு வேறு. அதற்குள்ளே எழுத்து எண்ணாக உறைகிறது. நாம் காண்பது அதன் நிழலையே. இருந்தும், திரையிற் காண்பது தாளிலும் அப்படியே வரவேண்டும் என்பதையே காட்சிவழிச் சொற்செயலிகள் தம் முதல் இலட்சியமாகக் கொண்டுள்ளன. அவ்விலட்சியம் தமிழுக்குப் போதாது என்பது என் கட்சி.

நம் குடாநாட்டில் நெடுங்காலம் ஆட்சி செய்த பாமினி எழுத்துருவை நோக்குக. அதில் ‘தமிழ்’ என்று நாம் காணும் சொல், உள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கிடக்கிறது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் வேடம் கலைந்துவிடும். ஒருங்குறி வந்தது, இடர் தீர்ந்தது என மகிழ்ந்தோம்.

முற்றாகத் தீரவில்லை. க.பொ.த. உயர்தர மாணவர் நாள்தோறும் எழுதும் ‘பௌதிகவியல்’ என்னும் சொல்லையே பாருங்கள். பழைய தட்டச்சுப் பழக்கத்தாற் பலர் பகரத்துக்குக் கொம்பிட்டு, அருகே ளகரத்தை அடித்துவிடுகின்றனர். கண்ணுக்கு வேற்றுமை தெரிவது அரிது. கணினிக்கோ அது வேறு சொல். தேடினால் அகப்படாது, அச்சேறிய தாளிற் குற்றமும் காணமுடியாது. கொம்பிட்ட எழுத்தின் பின் ளகரம் வந்தாற் பிழை என்று எளிய விதியொன்று செய்துவிடலாமே என்பீர்கள். கெளிற்று மீனை என்ன செய்வது? அகராதியறிவு இல்லாத சொற்செயலி இங்கே தடுமாறும்.

அகரவரிசையிலும் இதே கதைதான். ஒருங்குறி எண்ணொழுங்கில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கிறது. நம் நெடுங்கணக்கில் அதன் இடம் இறுதி. இதைச் சொற்செயலிக்குத் தனியே கற்பித்தாக வேண்டும்.

2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து பிரிந்த லிப்ரே ஆபிஸ் போன்ற திறந்தமூலச் செயலிகளில் எனக்கு மிக்க மதிப்புண்டு. விலையில்லை, மூலநிரலை எவரும் படித்துத் திருத்தலாம். நம் பாடசாலைகளுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால், விற்பனைச் செயலிகளின் நாடாப்பட்டைத் தோற்றத்தை 2017இல் அதிலும் கொணர்ந்தனர். புதிதாக வருவோருக்கு அது உதவக்கூடும், மறுக்கவில்லை. ஆயினும் முற்றத்தைப் பெருக்கிவிட்டு அடுப்படியை மறந்த வீடாக அது ஆகிவிடலாகாது.

எனவே என் வேண்டுகோள் பொத்தான்களைப் பற்றியதன்று. பிழைதிருத்தி, தேடல், வரிசை ஆகிய மூன்றும் முந்தட்டும். அழகு பின்னர் வரட்டும். 2005 முதல் நூலகம் நிறுவனம் ஈழத்து நூல்களை மின்வடிவிற் சேர்த்து வருகிறது. அவற்றுட் பட வடிவில் உள்ளவை நாளை எழுத்தாகும்போது, உள்ளுறை எழுத்துப் பிழையாயின் சேர்த்தவையும் தேடக் கிடையா.

இது கணினியாளர் தனித்துச் செய்யும் காரியமுமன்று. கெளிறும் பௌதிகமும் எங்கே பிரிகின்றன என்பதை அறிந்தவர் தமிழாசிரியர். அதை நிரலாக்க வல்லவர் கணினி மாணவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இரு சாராரும் ஒரே வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றனர்.