மழையை அளக்க சயன்ஸ் ஸ்ட்ரீம் எதுக்கு?

“ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு?”

பூண்டுலோயாவில் ஒரு ஆர்டுயினோ போர்டையும் நாலு வயரையும் மேசையில் பரப்பி வைத்தால் முதலில் வந்து விழுகிற கேள்வி இதுதான். மாமா கேட்பார், பக்கத்து லயன் அண்ணா கேட்பார், கம்பஸில் எங்களோடு படிக்கிறவர்களே கேட்பார்கள். இதற்கு நாங்கள் பணிவாகப் பதில் சொல்லப் போவதில்லை. கேள்வியே பிழை என்கிறோம்.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். மைக்ரோகொன்ட்ரோலர் என்பது ஒரே சிப்புக்குள் அடங்கிய சின்னக் கொம்பியூட்டர். டிவி ரிமோட்டிலும் வாஷிங் மெஷினிலும் அது ஒளிந்திருக்கிறது. அந்தச் சிப்பை யூ.எஸ்.பி. வயரால் இணைத்து, நாங்கள் சொல்கிறதைச் செய்ய வைக்க வசதியாகச் செய்யப்பட்டதுதான் டெவலப்மென்ட் போர்டு. இதில் உலகம் முழுக்கப் பிரபலமான ஆர்டுயினோ 2005ல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்தது. பிறந்த இடம் பொறியியல் பீடம் இல்லை, டிசைன் கற்பித்த ஒரு கல்வி நிறுவனம். மின்னணுவியல் தெரியாத மாணவர்கள் தங்கள் யோசனையைத் தாங்களே செய்து பார்க்க வேண்டும், அதுவும் மலிவாக. அதற்காகத்தான் மாசிமோ பான்சியும் கூட இருந்தவர்களும் அதை உருவாக்கினார்கள். அதில் ஒருவரான டொம் ஐகோ அப்போது நியூயோர்க் பல்கலைக்கழகத்தின் கலைக் கல்லூரியில் படிப்பித்தவர்.

இன்னும் பின்னால் போனால் இன்னொரு பெயர் வரும். கொலம்பியாவைச் சேர்ந்த எர்னாண்டோ பராகான். அதே நிறுவனத்தில் மாணவராக இருந்தபோது 2003ல் அவர் தொடங்கிய ‘வயரிங்’ என்ற ஆய்வுத் திட்டத்தின் மேல்தான் ஆர்டுயினோ எழும்பியது. அதற்கும் முன்னால், 2001ல் கேசி ரீஸும் பென் ஃப்ரையும் ஓவியர்களுக்காகவும் வடிவமைப்பாளர்களுக்காகவும் தொடங்கிய ‘ப்ரொசெசிங்’ இருக்கிறது. அதனால்தான் ஆர்டுயினோவில் எழுதும் புரோகிராமுக்கு இன்றைக்கும் ‘ஸ்கெட்ச்’ என்று பெயர். கிறுக்கிப் பார்க்கிற படம் என்று அர்த்தம். ஆர்ட்ஸ்காரர்களின் சொல் அது. எங்களுக்காகச் செய்த சாமானைக் கையில் வைத்திருக்கிறோம் என்பதற்காக எங்களிடமே விளக்கம் கேட்கிறார்கள்!

அடுத்தது, ‘ஸ்ட்ரீம்’ என்ற மதில். “நீங்கதானே ஆர்ட்ஸை தெரிவு செஞ்சீங்க?” என்கிறார்கள். தெரிவா? தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பெடுக்கத் தொடங்கியதே 1970களில்தான். இன்றைக்கும் மலையகத்தின் எத்தனையோ தமிழ்ப் பாடசாலைகளில் ஏ.எல். கணிதம், விஞ்ஞானம் படிக்க முடியாது. வகுப்பு இருந்தால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இருந்தால் ஆய்வுகூடம் இல்லை. ஹட்டனுக்கோ கண்டிக்கோ பஸ் ஏறி டியூஷனுக்குப் போகக் காசு வேண்டும். ஒரே கதவு திறந்திருக்கிற வீட்டுக்குள் போனவனைப் பார்த்து “நீதானே இந்தக் கதவைத் தெரிவு செஞ்ச” என்பது பகிடி. அந்தப் பகிடியை எங்கள் வாயாலேயே “நமக்கு இதெல்லாம் வராது” என்று திருப்பிச் சொல்ல வைத்திருக்கிறார்களே, அதுதான் அநியாயம்.

பிரிட்டனில் 2016ல் பி.பி.சி. ‘மைக்ரோபிட்’ என்ற போர்டை 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்தது. ஏறத்தாழ 10 லட்சம் போர்டுகள். நீ என்ன ஸ்ட்ரீம் என்று அந்தப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை.

இங்கேயும் போர்டு வராமல் இல்லை. வருகிறது, எப்படி வருகிறது என்பதுதான் பிரச்சினை. ஒருநாள் வேர்க்‌ஷொப் என்று வருவார்கள். பெட்டியைத் திறப்பார்கள், எல்.ஈ.டி. மினுங்கும், கைதட்டுவோம். பிறகு கறுப்புக் கோட்டில் ஓடுகிற குட்டிக் கார். குறூப் போட்டோ, சர்டிபிகேட். பின்னேரம் பெட்டியை மூடி வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கார் யாருடைய கேள்விக்கு விடை? யாருடையதற்கும் இல்லை. எல்.ஈ.டி. மினுங்குவது தப்பில்லை, எல்லாரும் அங்கேதான் தொடங்க வேண்டும். அங்கேயே முடிப்பதுதான் தப்பு.

எங்களுக்கு ஒரு கேள்வி இருக்கிறது: எங்கள் லயனுக்கு மேலே நேற்று இரவு எவ்வளவு மழை பெய்தது?

சாதாரணக் கேள்வி இல்லை இது. மண்சரிவு எச்சரிக்கைக்கு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிற அளவுகள் மில்லிமீற்றரில் இருக்கின்றன. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பாக இரு. 100 தாண்டினால் வெளியேறத் தயாராகு. 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், வெளியேறு. ஆனால் லயனில் இருக்கிறவர்களிடம் மில்லிமீற்றர் இல்லை. “தகரம் பிஞ்சு போற மாதிரி பேஞ்சிச்சு” என்ற கணக்குத்தான் இருக்கிறது. மலையில் ஒரு சரிவில் பெய்கிற மழை அடுத்த சரிவில் பெய்யாது. நகரத்தில் அளந்த எண் எங்கள் மேட்டுக்குப் பொருந்தும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், தோட்டங்களில் மழைக்கணக்கு எழுதுவது வெள்ளைக்காரத் துரை காலத்துப் பழக்கம். எங்களுக்குப் பக்கத்தில் தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. தேயிலைக்கு எவ்வளவு மழை கிடைத்தது என்று நூறு வருஷத்துக்கு மேலாக இந்த மலையில் அளக்கிறார்கள். தேயிலை பறிக்கிறவர்களின் கூரைக்கு மேல் எவ்வளவு என்று அளந்து, அந்த எண்ணை அவர்கள் கையில் கொடுக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

சரி, எப்படித் தொடங்குவது?

போர்டு இல்லாமலே தொடங்கலாம். ‘வொக்வி’ என்ற சிமியுலேட்டர் பிரவுசரிலேயே ஓடும், போனும் போதும். போர்டு வாங்கும்போது ஊனோ குளோன் வாங்குங்க. ஆர்டுயினோவின் வரைபடங்கள் திறந்தவை. அவற்றைப் பார்த்து வேறு பெயரில் போர்டு செய்வது களவு இல்லை. ஐந்து பேர் காசு போட்டு ஒன்று வாங்கினால் போதும். லெப்டொப் இல்லையென்றால் ஓ.டி.ஜி. வயர் போட்டு அன்ட்ரொய்ட் போனிலிருந்தே புரோகிராமை ஏற்றலாம். போர்டு கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் முதலில் வயரை மாற்றுங்க. சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயரில் டேட்டா போகாது. லெப்டொப்பில் அடுத்த சந்தேகம் சி.எச்.340 டிரைவர். பல குளோன்களுக்கு அது வேண்டும்.

ஸ்கெட்ச்சில் இரண்டு பகுதி. ‘செட்டப்’ கரண்ட் வந்ததும் ஒரு தடவை ஓடும். ‘லூப்’ கரண்ட் போகும்வரை திரும்பத் திரும்ப ஓடும். பெரட்டுக் களத்தில் காலையில் ஒருதரம் வேலை பிரிப்பது செட்டப், பிறகு நாள் முழுக்கக் கொழுந்து பறிப்பது லூப். இவ்வளவுதான் அமைப்பு.

இப்போது மழைமானி. ஒரு புனல், அதற்குக் கீழே சீசோ மாதிரி ஆடுகிற இரட்டைக் கிண்ணம். ஒரு பக்கம் நிரம்பினால் சாய்ந்து கொட்டும், மற்றப் பக்கம் மேலே வரும். கிண்ணத்தில் ஒரு சின்னக் காந்தம். பக்கத்தில் ரீட் சுவிட்ச், கதவு அலாரத்தில் வருகிற அதே காந்தச் சுவிட்ச்தான். சுவிட்ச்சின் ஒரு முனை 2ஆம் பின்னுக்கு, மற்றது கிரவுண்டுக்கு. பின்னை ‘இன்புட் புல்அப்’ என்று வைத்தால் தனி ரெசிஸ்டர் வேண்டாம். ஒவ்வொரு தடவை சாயும்போதும் போர்டு ஒன்று கூட்டும். சுவிட்ச் மூடும்போது சில மில்லிசெக்கன் துடிக்கும், ஒரு சாய்வு நாலாக எண்ணப்படும். அதனால் ஒன்றை எண்ணியதும் கால் செக்கனுக்கு அடுத்ததை எண்ணாதே என்று எழுத வேண்டும்.

அளவு சரிபார்ப்பது ஓ.எல். கணிதம். புனல் வாயின் விட்டம் 20 செ.மீ. என்றால் பரப்பு 314 சதுர செ.மீ. 10 மி.மீ. மழை என்றால் 314 மில்லிலீற்றர் தண்ணீர். அதை மெதுவாக ஊற்றுங்க. 500 தடவை சாய்ந்தால் ஒரு சாய்வு 0.02 மி.மீ.; 50 தடவைதான் சாய்ந்தால் ஒரு சாய்வு 0.2 மி.மீ. கிண்ணம் பெரிதாக இருந்தால் எண் குறையும், அவ்வளவுதான். ஒரு சாய்வு 0.2 என்று வந்தால், 24 மணித்தியாலத்தில் 375 சாய்வு முதல் எச்சரிக்கை, 750 என்றால் வெளியேறு. மணித்தியாலத்துக்கு ஒன்றாக 24 பெட்டி வைத்து, பழைய பெட்டியை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போனால், கடைசி 24 மணித்தியாலக் கூட்டுத்தொகை எப்போதும் கையில் இருக்கும்.

இரண்டு விஷயம் மறக்கக்கூடாது. அடைமழையில் கரண்ட் போகும். பவர் பேங்கில் ஓட்டலாம், ஆனால் போர்டு எடுக்கிற கரண்ட் குறைவு என்பதால் சில பவர் பேங்க் தானாகவே நின்றுவிடும். முன்பே ஒரு இரவு ஓட்டிப் பார்த்து வாங்குங்க. கரண்ட் போனால் எண்ணிக்கையும் அழியும் என்பதால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஈப்ரொம் நினைவகத்தில் எழுதி வையுங்க. ஊனோவில் அது 1 கிலோபைட்தான். இந்த வேலைக்கு அது தாராளம்.

“அளந்து என்ன செய்யப் போறீங்க? மலையை நிறுத்திடுவீங்களா?” என்று கேட்பார்கள். இந்தக் கேள்வியை மட்டும் நாங்கள் மதிக்கிறோம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று பல வருஷத்துக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய் இருக்க வீடு இருக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோதும் மலையகம் மண்சரிவில் சிதைந்தது. ஆகவே ஒரு போர்டு எங்களைக் காப்பாற்றும் என்று நாங்கள் சொல்லவில்லை. நிலத்தில் வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று, இதில் ஒன்றைக் கண்டால் எண்ணுக்காகக் காத்திருக்காமல் இறங்கிவிட வேண்டும். உத்தியோகபூர்வ எச்சரிக்கைக்குப் பதிலாகவும் இதை வைக்கக்கூடாது.

ஆனால் காணியும் பாதுகாப்பான வீடும் கேட்டுப் போகும்போது எங்களிடம் என்ன இருக்கிறது? “பயமா இருக்கு சேர்” என்ற வார்த்தை. அதை மனுவில் எழுதி வாங்கி பைலில் போடுவது சுலபம். இந்த லயனுக்கு மேல் இந்த வருஷம் இத்தனை நாள் 100 மி.மீ. தாண்டியது, இதோ திகதி, இதோ நேரம் என்று ஒரு கொப்பியை நீட்டினால் பைலில் போடுகிறவருக்கும் கொஞ்சம் கை நடுங்கும். எண் நியாயத்தைத் தானாகக் கொண்டுவராது. நியாயம் கேட்கிறவனின் குரலை மறுக்கக் கஷ்டமாக்கும். அந்தக் கொப்பியை எழுதுவதற்கு, எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அது ஆர்ட்ஸ் படிப்பு.

அதனால் ஒரு நிபந்தனையோடு தொடங்குவோம். எண் எங்களிடம் இருக்க வேண்டும். லயன் சுவரில், தமிழில், எல்லாரும் வாசிக்கிற மாதிரி ஒட்டியிருக்க வேண்டும். யாரோ ஒருவரின் அறிக்கைக்குள்ளும் போட்டோவுக்குள்ளும் போய்ச் சேரக்கூடாது. மே மாதம் தென்மேற்குப் பருவம் தொடங்குமுன் ஒரு லயனுக்கு ஒரு மழைமானி. ஐந்து பேர், ஒரு போர்டு, ஒரு புனல், ஒரு கொப்பி.

பிறகு வந்து கேட்கட்டும், ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு என்று. சுவரைக் காட்டுவோம்.