மூத்த பெட்டிக்குத் தலைமை வேண்டாம்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்கு பேரேட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறி வருகிறது. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கம்ப்யூட்டர்மயமாக்க 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு மத்திய மந்திரி சபை 2022 ஜூன் மாதத்தில் இசைவளித்ததை அங்கத்தினர்கள் அறிவர். கம்ப்யூட்டர்கள் வருகின்றன, அவற்றின் கம்பிகளைச் செருக இடமுண்டா என்று கேட்பார்தான் இல்லை.

சமீபத்தில் பெருங்குடியில் ஒரு சங்க அலுவலகத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். கம்பிகளெல்லாம் வந்து கூடும் பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். அங்கே முன்கட்டில் ஒன்றும் கிடங்கில் ஒன்றுமாக இரு புதிய ஸ்விட்சுகள். இரண்டிலும் போர்ட்டுகள் நிரம்பிவிட்டன. நகைக் கடன் மேஜைக்கோ இன்னும் இரண்டு கம்ப்யூட்டர்கள் தேவை. அவ்வூர்ச் சாலையில் மென்பொருள் கம்பெனிகளுக்குக் குறைவில்லை. அவற்றுள் ஒன்று கழித்துவிட்ட, 24 போர்ட்டுகளுள்ள பழைய ‘மேனேஜ்டு’ ஸ்விட்ச் சொற்ப விலைக்குக் கிடைத்தது. மேனேஜ்டு என்றால், நாம் கட்டளையிட்டு நடத்தக்கூடியது என்று பொருள். சங்கத்தின் புதிய பெட்டிகளும் அவ்வகையே.

வாங்கியது தவறென்று நாம் சொல்லமாட்டோம். ரசீது போடும் இரண்டு மேஜைகளுக்கு வினாடிக்கு 100 மெகாபிட் வேகம் தாராளம். பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிக் குப்பைமேடு வளர்ந்த ஊரில், உழைக்கக்கூடிய ஒரு பெட்டியை எறிய மனம் வருமா? தவறு, அதைச் சேர்த்த விதத்தில் இருந்தது.

ஒரு கம்பி அறுந்தால் மற்றொன்று உதவட்டுமென்று, பழைய பெட்டியிலிருந்து இரு புதிய பெட்டிகளுக்கும் கம்பி இழுத்துவிட்டனர். புதியவை இரண்டுக்குமிடையே ஏற்கெனவே ஒரு கம்பி உண்டு. ஆக, மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாயிற்று. வளையத்தில் செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி அலுவலகத்தையே முடக்கிவிடும். அதைத் தடுப்பதற்கான ஏற்பாடே ஸ்பானிங் ட்ரீ. ராடியா பெர்ல்மன் என்னும் அமெரிக்க அம்மையார் 1985-ல் வெளியிட்டது. பெட்டிகள் தமக்குள் ஒரு தலைமைப் பெட்டியைத் தேர்ந்து, அதற்குச் செல்லும் நல்ல வழிகளை வைத்துக்கொண்டு, மிகையான வழியை அடைத்துவிடும்.

அத்தேர்தல் நம் சங்கத் தேர்தல் போன்றதன்று. முன்னுரிமை எண் குறைந்த பெட்டியே தலைமை ஏற்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் 32768 தான். எண் சமமானால், பெட்டிக்கே உரிய மேக் முகவரி எதற்குச் சிறியதோ அது வெல்லும். பழைய பெட்டிகளின் முகவரி பலசமயம் சிறியதாயிருப்பதால் கிழப்பெட்டி தலைமையில் அமர்ந்துவிடுகிறது! இங்கும் அதுவே நேர்ந்தது. புதியவற்றுக்கிடையே 1000 மெகாபிட் வேகத்தில் ஓடிய வழி அடைபட்டது. கிடங்குக் காமிராக்களின் படமும், கணக்கின் காப்புப் பிரதியும், மற்ற யாவும் பழைய பெட்டியின் வழியே நெருக்கியடித்து ஊர்ந்தன. நகையுடன் வந்த அங்கத்தினர்கள் காத்துக் கிடந்தனர். பழி மேலிடத்துச் சர்வர்மீது விழுந்தது. அப்படிச் சொல்வது எல்லோருக்கும் சௌகரியமல்லவா?

நம் அபிப்பிராயம் யாதெனில், பழைய பெட்டியை அங்கத்தினராகச் சேர்க்கலாம், தலைமை தரலாகாது. முன்கட்டுப் புதிய ஸ்விட்சின் முன்னுரிமை எண்ணை 4096 என்று குறைத்துவிட்டால் போதும். சில நிமிஷ வேலை. பழையதற்கு ஒரே கம்பி போதும். சர்வரை அதில் செருகவேண்டாம்.

இன்னொன்று. அப்பெட்டி முன்பு வேறு வீட்டில் வாழ்ந்தது. பழைய கம்பெனி வகுத்த வி.லேன் பிரிவினைகள் அதனுள் அப்படியே இருக்கும். ஒரு போர்ட்டில் வேலை செய்யும் கம்ப்யூட்டர் அடுத்ததில் ஊமையாகிவிடும். பிறர் அறிந்த கடவுச்சொல்லும் உள்ளிருக்கும். ஆகவே வலையில் இணைக்குமுன் மேஜைமீது தனியே வைத்து, கன்ஸோல் கம்பி வழியாக யாவற்றையும் அழித்து, புதிய கடவுச்சொல் இடவேண்டும். கடவுச்சொல்லை மறைக்காமல் அனுப்பும் டெல்நெட் வழியையும் மூடிவிடவேண்டும்.

பெருங்குடியில் எண்ணை மாற்றிய அன்று பிற்பகலே மேஜைமுன் வரிசை குறைந்தது. புதிய கடவுச்சொல்லை உறையிலிட்டு, காரியதரிசியின் பொறுப்பில் இரும்புப் பெட்டியில் வைக்கும்படி ஆய்வுக் குறிப்பில் எழுதி வந்தோம். பழைய கம்பெனியின் கடவுச்சொல், ஸ்விட்சின் அடியில் ஒட்டியிருந்த சீட்டிலேயே தெளிவான எழுத்தில் இருந்தது.