எண்ணுகிறவர்களும் ஏளனம் செய்கிறவர்களும்

இலக்கியக் கூட்டம் முடிந்து தேநீர்க் கடை வாசலில் நிற்கும்போது, கொரியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்ப்பதாக நாம் சொல்லிவிட்டால் போதும், எதிரில் நிற்பவரின் உதட்டோரம் ஒரு புன்னகை அரும்பும். தஸ்தயேவ்ஸ்கியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவன் திடீரெனப் பஞ்சுமிட்டாய் கேட்டுவிட்டதைப் போன்ற பார்வை. இந்தப் புன்னகையோடு நமக்குச் சண்டை உண்டு. அதற்குப் பதிலாக யூடியூப் எண்ணிக்கையை நீட்டும் சக ரசிகர்களோடு அதைவிடப் பெரிய சண்டை உண்டு.

முதலில் ஏளனத்துக்கு வருவோம். 2017 பிப்ரவரியில் பிடிஎஸ் குழு 'ஸ்பிரிங் டே' என்ற பாடலின் காணொளியை வெளியிட்டது. அதில் வரும் விடுதியின் பெயர்ப்பலகையில் 'ஓமெலாஸ்' என்றிருக்கும். உர்சுலா லெ குவின் 1973இல் எழுதிய சிறுகதையில் வரும் நகரம் அது. இருட்டறையில் அடைபட்ட ஒரு குழந்தையின் துயரத்தின்மீது அந்த நகரமே மகிழ்ச்சியாக வாழ்கிறது. குழந்தை அங்கே இருப்பது எல்லோருக்கும் தெரியும். 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் கப்பல் மூழ்கி 304 பேர் இறந்தனர். அவர்களில் 250 பேர் ஒரே பள்ளியின் மாணவர்கள். அவர்களுக்கான இரங்கலாகவே பலர் இக்காணொளியை வாசித்தனர்.

லெ குவினை நூலில் போற்றும் நம் நண்பர், அவர் ஒரு பாப் பாடலின் சுவரில் எதிர்ப்பட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார். அந்தப் பலகையைக் கண்டு அதன் பொருளைத் தேடியவர்கள் ரசிகர்கள்தாம். அதில் நமக்குப் பெருமையே. ஆனால் அதே ரசிகர்களில் பெருங்கூட்டம், எண்ணிக்கையை உயர்த்துவதற்காகவே காணொளியை இரவெல்லாம் ஓடவிட்டு உறங்கப் போகிறது. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவதைக் கேலி செய்து வளர்ந்த தலைமுறைதான் இதையும் செய்கிறது. ஒருவர் பார்க்காமல் தவறவிட்டதை மற்றவர் நூறுமுறை ஓடவிட்டுத் தவறவிடுகிறார்.

தொடர்களுக்கும் இதே கதிதான். 'தொடர்' என்றதும் நம்மவர் மனத்தில் எழுவது ஆயிரம் பகுதிகளைத் தாண்டியும் முடியாத மாமியார் மருமகள் சண்டை. கொரியாவில் பெரும்பாலான தொடர்கள் பதினாறு அல்லது இருபது பகுதிகளில் முடிந்துவிடுகின்றன. பலவற்றைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே எழுத்தாளர் எழுதுகிறார். 2018இல் வந்த 'மை மிஸ்டர்' பாக் ஹே-யங் எழுதியது, பதினாறே பகுதிகள். கொரிய மூலத் தலைப்பில் உள்ள 'அஜொஷி', உறவில்லாத நடுவயது ஆணை உறவினனைப் போல அழைக்கும் சொல். நம் ஊரில் தெரியாதவரை 'மாமா' என்பதற்கு ஏறக்குறைய நிகர். 'மிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லில் அந்த ஈரம் இல்லை.

கதை இதுதான். கடனில் மூழ்கி, நோயுற்ற பாட்டியைச் சுமந்து திரியும் 21 வயதுப் பெண், தன் அலுவலகத்தில் பணிபுரியும் நடுவயதுப் பொறியாளரை வீழ்த்தக் கூலி பெற்று, அவருடைய கைபேசியை ஒட்டுக்கேட்கத் தொடங்குகிறாள். கேட்கக் கேட்க, அந்த மனிதரின் பெருமூச்சும் காலடியோசையும் அவள் காதுக்குள் நிறைகின்றன. அழிக்கப் போனவளால் அழிக்க முடியவில்லை. வயது இடைவெளியையும் தொடக்கப் பகுதிகளின் வன்முறையையும் கண்டித்துக் கொரியாவிலேயே கடும் விமர்சனம் எழுந்தது. அது நியாயமான விவாதம். ஆயினும், ஒருவரை முழுமையாகக் கேட்டுவிட்டால் அவரை வெறுப்பது கடினம் என்பதை இத்தனை பொறுமையுடன் சொன்ன படைப்புகள் நம் காலத்தில் அதிகமில்லை.

அந்தப் பொறியாளராக நடித்தவர் லீ சன்-கியுன். 'பாரசைட்' படத்தின் செல்வந்தராக அவரை உலகம் அறியும். 2023 அக்டோபரில் அவர்மீது போதைப்பொருள் விசாரணை தொடங்கியது. பரிசோதனைகளில் எதுவும் உறுதிப்படவில்லை. காவல்துறை மூன்று முறை அழைத்தது. மூன்று முறையும் கேமராக்களின் முன்னால் நடந்து செல்ல நேர்ந்தது. கடைசி விசாரணை சுமார் 19 மணிநேரம் நீண்டது. அவருடைய தனிப்பட்ட தொலைபேசி உரையாடல் தொலைக்காட்சிச் செய்தியில் ஒலிபரப்பானது. டிசம்பர் 27 அன்று, 48 வயதில், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தொடரில் ஒட்டுக்கேட்டவள் இரக்கம் கொண்டாள். நிஜத்தில் கேட்டவர்களுக்கு அது செய்தியாக மட்டுமே இருந்தது.

இது காவல்துறையின், ஊடகத்தின் குற்றம், ரசிகர்களுக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். 2019 அக்டோபர் 14 அன்று பாடகி சல்லி 25 வயதில் மறைந்தார். அதே ஆண்டில்தான், பிரபலங்கள் தம்மைப் பற்றி எழுதப்பட்ட வசைகளைத் தாமே வாசிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை அவர் தொகுத்து வழங்கிக்கொண்டிருந்தார். அடுத்த மாதமே அவருடைய தோழி கூ ஹாராவும் போனார். சல்லியின் மறைவுக்குப்பின் கொரிய இணையத் தளங்களான டாமும், 2020இல் நேவரும், கேளிக்கைச் செய்திகளின் கீழ் வாசகர் எழுதும் இடத்தையே மூடின. யாருடைய கை அங்கே எழுதிக்கொண்டிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஒரு நட்சத்திரத்தை ஏற்றிவைக்க இன்னொருவரை வசைபாடும் கூட்டம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. அது ரசிகர்களாகிய நமக்குள்தான் இருந்தது.

இனிப் பார்க்காதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. லெ குவினின் கதையில் சிலர் உண்மையறிந்து நகரைவிட்டு வெளியேறுகிறார்கள். அந்தத் துறவு நமக்கு வராது, தேவையுமில்லை. நகரத்திலேயே இருந்துகொண்டு இருட்டறையைப் பற்றிப் பேச முடியும். பேசினால் பயன் உண்டு என்பதற்குச் சான்றும் இருக்கிறது. 2009இல் டிவிஎக்ஸ்கியூ குழுவின் மூவர் தங்களைக் கட்டியிருந்த 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். அதே ஆண்டில் அந்நாட்டு வணிக நியாய ஆணையம் ஏழாண்டு வரம்புள்ள மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது.

ஆகவே தேநீர்க் கடை நண்பருக்கு ஒரு வேண்டுகோள். நாவலுக்குச் செலவிடும் கவனத்தில் கால்பங்கை இந்தத் தொடர்களுக்குக் கொடுங்கள். கொடுத்தபின் குப்பை என்று எழுதுங்கள், வரவேற்கிறோம். நீங்கள் விலகி நின்றதால்தான் இக்கலையைப் பற்றிய பேச்சு முழுவதும் விற்பனைத் துறையின் கைக்குப் போனது. சக ரசிகர்களுக்கும் ஒன்று. இன்றிரவு ஓடவிட்டு உறங்கப் போகாமல், அந்தக் காணொளியை ஒரேயொரு முறை விழித்திருந்து பாருங்கள்.