தரை தொட்டும் ஓயாத சுழற்சி

பறக்கவிடக் கற்றுத்தர எல்லோரும் முன்வருகிறார்கள். நிறுத்தக் கற்றுத்தருவோர் சிலரே. இந்த உண்மையை நான் ஒரு நண்பனின் இரத்தத்தைக் கண்டு உணர்ந்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் துறை மாணவர் அறுவர் கைப்பணம் போட்டு ஒரு ட்ரோன் செய்தோம். மோட்டார்கள் நான்கு; விசிறிகள் பத்து அங்குலம். விளையாட்டுத் திடலில் அது எழும்பியது, கைதட்டினோம். பத்திரமாக இறங்கியது, மீண்டும் கைதட்டினோம். ஆனால் விசிறிகள் நிற்கவில்லை. மெல்லச் சுழன்றுகொண்டே இருந்தன. “அதான் இறங்கிடுச்சே!” என்று சொல்லி நண்பன் அதைத் தூக்கினான். சாய்வை உணர்ந்த கருவி, தன்னை நிமிர்த்திக்கொள்ள ஒரு பக்கத்து மோட்டார்களின் வேகத்தைக் கூட்டியது. அவன் ஆள்காட்டி விரலில் நான்கு தையல்!

மறுநாள் குற்றவாளியைத் தேடினோம். மோட்டார்தான் என்றான் ஒருவன், மாற்றினோம். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி என்றான் இன்னொருவன், அதையும் மாற்றினோம். காசு கரைந்தது, நோய் தீரவில்லை.

மோட்டார் தன் விருப்பப்படி சுழல்வதில்லை; வந்த கட்டளைக்குப் பணிகிறது. எங்கள் ட்ரோனில் உள்ளது ஆர்டுபைலட் என்னும் மென்பொருள். மோட்டார்கள் உயிர்பெற்றிருப்பதைக் காட்ட, அது தரையிலும் அவற்றை மெல்லச் சுழலவைக்கும். நிறுத்துவதற்கு ரிமோட்டின் விசைக்குச்சியை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும். அப்படியே பத்து நொடி விட்டால் தானே நிற்கும். குச்சியைக் கீழே இடப்புறமாக இரண்டு நொடி பிடித்தாலும் நிற்கும். எதுவாயினும், குச்சி அடிமட்டத்தில் இருக்கிறது என்று கருவி நம்ப வேண்டும்.

எங்கள் கருவி நம்பவில்லை! விசிறிகளைக் கழற்றிவிட்டுக் கணினியில் எண்களைப் பார்த்தோம். முதலில் அளவு குறித்தபோது குச்சியின் அடிமட்டம் 1000 மைக்ரோ நொடி. இப்போதோ 1060. குச்சியின் அருகே இருந்த சின்னஞ்சிறு டிரிம் பொத்தானை எவனோ தட்டி மேலே நகர்த்தியிருந்தான். செலவே இல்லாமல் அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தோம். சுழற்சி நின்றது.

“தரையில் இருப்பதுகூடத் தெரியாத இயந்திரமா?” என்று சிலர் சிரிக்கக்கூடும். அதற்குக் கண் இல்லை. காற்றழுத்தம், அதிர்வு, மோட்டார் வேகம் ஆகியவற்றை வைத்தே ஊகிக்கிறது. தரைக்கு அருகில் விசிறிக் காற்றே அழுத்தக் கணக்கைக் குழப்பும், மேடுபள்ளமும் குழப்பும். வானில் இருக்கும்போது “இறங்கிவிட்டேன்” என்று தவறாக எண்ணி மோட்டாரை நிறுத்தினால் என்னவாகும்? ட்ரோன் கல்லாக விழும். ஆகவே ஐயம் வந்தால் சுழன்றுகொண்டே இருப்பதுதான் அதற்கு அறிவு. தரையில் எச்சரிக்கையாக இருப்பது நம் கடமை. விசிறிகள் நின்று, மின்கல இணைப்பைப் பிடுங்கும் வரை ட்ரோன் பறந்துகொண்டிருப்பதாகவே கருதுங்கள். அவசர நிறுத்தத்திற்கென்று ரிமோட்டில் ஒரு சுவிட்சை ஒதுக்கிவையுங்கள். சோதிக்கும்போது விசிறிகளைக் கழற்றிவிடுங்கள்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வகத்தில் எங்களுக்குச் சரியாக இயங்கும் கருவிகளையே தருகிறீர்கள். அளவு எடுக்கிறோம், அட்டவணை போடுகிறோம், மதிப்பெண் பெறுகிறோம். பழுது என்று வந்துவிட்டால் கைகட்டி நிற்கிறோம், அல்லது கண்ணை மூடிக்கொண்டு உறுப்புகளை மாற்றுகிறோம். பருவத்துக்கு ஒரு நாளேனும் பழுதான கருவியைக் கொடுத்து, “காரணத்தைக் கண்டுபிடி” என்று சொல்லுங்கள். கட்டளை எங்கே பிறக்கிறது, எந்த வழியே வருகிறது, எங்கே திரிகிறது என்று படிப்படியாகத் தேடும் பழக்கம் அன்றுதான் எங்களுக்கு வரும்.

நண்பனின் விரல் ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. தேர்வு எழுதப் பேனாவைப் பிடிக்கும்போதெல்லாம் அவன் அதைப் பார்க்கிறான். நானும் பார்க்கிறேன். அந்தப் பாடத்தை இனி எந்த மாணவனும் விரலைக் கொடுத்துப் படிக்க வேண்டாம்.