பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எங்கே கொட்டுறது? பதில் சொல்லுங்க, நகராட்சிகளே!

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை தோழர்களே, கொஞ்சம் உங்க வீட்டுக் கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்க. பாத்ரூம் மேல, ஆட்டுக்கொட்டகை மேல, அம்மா ஷூ அப்பர் தைக்க உட்கார்ற சார்ப்பு மேல என்ன கிடக்குது? சாம்பல் கலர்ல, அலை அலையா, பாசி புடிச்ச "சிமெண்ட் ஷீட்டு". பேருதான் சிமெண்ட். உள்ள கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு ஆஸ்பெஸ்டாஸ் நார்.

எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லிடுச்சு. 50-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை பண்ணிட்டாங்க. நாம இன்னும் ரஷ்யாவுல இருந்து இறக்குமதி பண்ணி கூரை போட்டுக்கிட்டு இருக்கோம்.

பயமுறுத்த வரல. உடையாம, நொறுங்காம இருக்கிற ஷீட்டைத் தொடாம விட்டா பெரிய ஆபத்து இல்ல. சுத்தியலால அடிச்சு உடைக்கும்போதும், கட்டிங் மெஷின் வச்சு அறுக்கும்போதும், காஞ்ச தூளைப் பெருக்கும்போதும்தான் வினை. நார் கண்ணுக்குத் தெரியாது. நுரையீரல்ல போய் உட்கார்ந்துக்கும். நோய் தலைகாட்ட 20, 30, சில பேருக்கு 40 வருஷம் ஆகும். அதுக்குள்ள ஷீட் வித்தவன் எங்கயோ, பிரிச்ச கூலித்தொழிலாளி எங்கயோ. அவர் இருமிச் செத்தா "பீடி குடிச்சாரு"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுவாங்க. பீடியும் ஆஸ்பெஸ்டாஸும் சேர்ந்தா ஆபத்து பல மடங்குன்னு அவருக்கு யார் சொன்னது?

"அதுக்கெல்லாம் ரூல்ஸ் இருக்கு தம்பி"ம்பாங்க. இருக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கழிவை எப்படி அப்புறப்படுத்தணும்னு இந்தியத் தர நிர்ணயம் 1986-லயே எழுதியாச்சு. 1995-ல் உச்ச நீதிமன்றம், ஆலைத் தொழிலாளர்களோட மருத்துவப் பதிவை 40 வருஷம் பாதுகாக்கணும்னு சொல்லிச்சு. எல்லாம் ஆலைக் கேட்டுக்கு உள்ள. 2016 திடக்கழிவு விதியில வீட்டு அபாயக் கழிவுன்னு ஒரு பட்டியல் போட்டாங்க. பெயிண்ட் டப்பா இருக்கு, டியூப் லைட் இருக்கு, காலாவதி மாத்திரை இருக்கு. நம்ம தலைக்கு மேல கிடக்கிற ஷீட்டோட பேரைக் காணோம்!

2006-ல் கிளமென்சோங்கிற பிரெஞ்சுப் போர்க்கப்பல், ஆஸ்பெஸ்டாஸ் இருக்குன்னு கிளம்பின எதிர்ப்பால அலாங் வராமலே திரும்பிப் போச்சு. நல்ல விஷயம். கப்பலுக்கு நாடே பேசிச்சு, ஆட்டுக்கொட்டகைக்கு ஒரு ஆள் பேசல.

யாரும் பொறுப்பேற்காத கழிவு என்ன ஆகும்னு நம்ம மாவட்டங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். ராணிப்பேட்டையில குரோமேட் ஆலையை மூடிட்டுப் போனாங்க. லட்சம் டன்னுக்கு மேல குரோமியக் கழிவு பல பத்தாண்டு அங்கேயே கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்துச்சு. பாலாறு கதை தனி.

ஆனா அதே பாலாறுதான் இந்தியாவுக்கு ஒரு சட்டம் குடுத்துச்சு. தோல் தொழிற்சாலை மாசுக்கு எதிரா வேலூர் மக்கள் போட்ட வழக்குல, 1996 ஆகஸ்ட் 28 அன்னிக்கு, மாசுபடுத்தினவரே பணம் கட்டணும்ங்கிறது இந்த நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதின்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு. அப்போ ஷீட்டைப் பண்ணி வித்து லாபம் பார்த்த கம்பெனிதானே அதை எடுக்கிற செலவையும் கட்டணும்? ஆடு வளர்க்கிற பாட்டியா கட்டும்?

அபாயக் கழிவைப் புதைக்கிற இடம் கும்மிடிப்பூண்டியில இருக்கு. ஆம்பூர்க்காரர் பன்னெண்டு ஷீட்டை ஆட்டோவுல ஏத்திக்கிட்டு அங்க போவாரா? நகராட்சி வண்டி வாசலுக்கு வரணும், இலவசமா வரணும், சேர்த்து வச்சு மூடின லாரியில அனுப்பணும். இதுதான் கோரிக்கை.

அதுவரைக்கும், பிரிச்சே ஆகணும்னா காத்தில்லாத நேரமா பாருங்க. குழந்தைங்களைத் தள்ளி அனுப்புங்க. ஷீட்டுல சோப்புத் தண்ணி தெளிச்சு நல்லா நனைங்க. போல்ட்டைக் கழட்டி முழு ஷீட்டா இறக்குங்க, மேல இருந்து தூக்கிப் போடாதீங்க. ஷீட் மேல ஏறி நிக்கவே நிக்காதீங்க, உடைஞ்சு விழுந்தா உயிர் போயிடும். மூஞ்சில துண்டு கட்டினா நார் நிக்காது, பி-100 இல்லன்னா எஃப்.எஃப்.பி-3 மாஸ்க் வேணும். விழுந்த துண்டுகளை ஈரத்துணியால எடுங்க, துடைப்பம் வேண்டாம். எல்லாத்தையும் தடிமனான பிளாஸ்டிக்ல ரெண்டு சுத்து சுத்தி ஒட்டி, "ஆஸ்பெஸ்டாஸ்"னு எழுதி, யாரும் மிதிக்காத மூலையில வைங்க. போட்டிருந்த துணியை வீட்டுத் துணியோட ஊறப் போடாதீங்க. பாலாத்துல கொட்டாதீங்க, பழைய ஷீட்டுன்னு அடுத்தவருக்கு விக்காதீங்க.

வர்ற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு இடத்துலயும் மனு குடுப்போம். உங்க வீட்டுல எத்தனை ஷீட், எந்த வார்டுன்னு கீழ கமெண்ட்ல போடுங்க, மனுவுல சேர்த்துடறோம்.